பெட்டியோட எடை

போடாதீங்க தம்பி. கேஸ் கீஸ் எதும் போடாதீங்க. இருவது ரூவாத் தண்ணி பாட்டலை இருவத்தஞ்சுக்கு வித்துப்போட்டான், கன்ஸ்யூமர் கோர்ட்டுல இழுத்து உடறேன்னு போன்ல சொல்லிட்டிருந்தீங்கள்ல, அதைத்தான் சொல்றேன். நான் ஒட்டுக் கேக்கலீங்க. பக்கத்துச் சீட்டுல உக்காந்துட்டு காதைக் கழட்டியா வெக்க முடியும். அந்தக் கோர்ட்டுப் பேரைக் கேட்டாலே எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. தாராபுரம் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது, சித்தெ கேளுங்க.

நாச்சிமுத்துங்க எம்பேரு. தாராபுரத்துக்கு இந்தப்பக்கம் சின்ன ஊரு எங்குளுது. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல முப்பத்திரண்டு வருசமா ஸ்வீட் கடை. ஊருக்குள்ள மொத்தம் பதினோரு ஸ்வீட் கடைங்க, பதினோரு பேருக்கும் ஒரு சங்கம். பதினெட்டு வருசம் நான்தான் தலைவரு. இருந்தேன். இப்ப இல்ல. அதைத்தான் சொல்ல வர்றேன்.

எங்க சங்கத்துல ஒரு ஒழுங்கு இருந்துச்சுங்க. புரட்டாசி மொத ஞாயித்துக்கெழம மண்டபத்துல கூடுவோம். பொங்கலு, வடை, காப்பி. ஸ்வீட்டு கெடையாது, எவனும் தொடமாட்டான். தின்னு முடிச்சுட்டு தீவாளிக்கு லட்டு என்ன வெலை, மைசூர்பாகு என்ன வெலைன்னு பேசி முடிவு பண்ணி நோட்டுல எழுதுவோம். பதினோரு பேரும் கையெழுத்துப் போடணும். அதுக்குக் கீழ எவனும் விக்கக் கூடாது. போட்டி வேண்டாம்னு நான் சொல்லலீங்க. போட்டிங்கறது ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கிட்டுச் சாகறதில்லையே. ஜனங்களுக்கும் எங்க ஏற்பாடு நல்லதுதான். கடை கடையா ஏறி எறங்கி வெலை கேக்கற அக்கப்போரு இல்ல. எங்க போனாலும் ஒரே வெலை.

எங்களுக்குள்ள போட்டியே இல்லைன்னும் நெனச்சுக்காதீங்க. பெட்டியில போட்டி. எவன் கடைப் பெட்டி கெட்டிங்கறதுதான் போட்டி. என்ற பெட்டி ஒரு கிலோப் பெட்டி நூத்திப் பத்து கிராமுங்க, வெறும் பெட்டி. சுண்டுனா டங்குன்னு சத்தம் வரும். வெள்ளிங்கிரி கடைப் பெட்டி தொண்ணூறுதான், அவனைக் கூட்டத்துலயே கிண்டல் பண்ணுவோம். பெட்டியத் தராசுல வெச்சு, லட்டை அடுக்கி, ஒரு கிலோ காட்டுச்சுன்னா மூடிக் குடுத்துருவோம். எங்கப்பங் காலத்துல இருந்து அப்படித்தான். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நல்ல பெட்டி குடுக்கறோம், தின்னு முடிச்சுட்டு நூல்கண்டு ஊசி போட்டு வெச்சுக்கறாங்க.

ஏமாத்தறது வேற, வழக்கம் வேறங்க. ஏமாத்தறவனை எனக்கு ஆகவே ஆகாது. போன ஆடியில மண்டிக்காரன் கடலைப்பருப்பு மூட்டையச் சாக்கோட எடை போட்டு அனுப்பிப்போட்டான். மூட்டைக்கு முக்கா கிலோ சாக்கு. வந்த லாரியத் திருப்பி அனுப்பிச்சேன். சாக்குக்குப் பருப்பு வெலை குடுக்கறதுக்கு நானென்ன கேணயனான்னு கேட்டேன். திருட்டுப்பய.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வருசத்துக்கு மொத வருசம் ஆவணியில, எங்க கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பொம்பள கடை போட்டுச்சு. வசந்தாமணின்னு பேரு. நூல் மில்லுல வேலை பாத்தது. மில்லை மூடிட்டான், கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்தை ஒட்டுக்காக் கொண்டாந்து இந்தக் கடையில போட்டிருக்குது. புருசன் இல்ல. ஒரே புள்ள, பாலிடெக்னிக் படிக்குது. பாவம், பொழச்சுப் போகட்டும்னுதான் நான் இருந்தேன். கடை தொறந்தன்னிக்கு மாலை வாங்கிட்டுப் போனதே நான்தானுங்க.

ரெண்டே வாரம். கடை முன்னால ஒரு பலகை வெச்சுட்டுது. "இங்கே பெட்டிக்கு விலை இல்லை. இனிப்புக்கு மட்டுமே எடை."

படிச்சதும் எனக்கு மேலெல்லாம் கூசுச்சு. அப்ப நாங்க பதினோரு பேரும் என்ன அட்டையா விக்கறோம்? நேரா போனேன். தராசுல வெறும் பெட்டிய வெச்சுட்டு ஒரு பட்டனைத் தட்டுது, நம்பரு பூச்சியத்துக்கு வந்துருது. அப்பறந்தான் லட்டை அடுக்குது. அந்தப் பட்டன் என்ற தராசுலயும் இருக்குது, எல்லாத் தராசுலயும் இருக்குது. வாங்குன நாள்லருந்து எவனும் தொட்டதில்ல.

"ஏம்மா, இந்தப் பட்டன் சோலியெல்லாம் நம்மூருக்கு வேண்டாம்"னேன்.

"பட்டன் தராசோடவே வந்துச்சுங்ணா."

"வந்தா வரட்டும். ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அதுக்கு அந்தம்மா சொல்லுச்சு, "மில்லுல பத்தொம்பது வருசம் நூல்கோன் எடை போட்டேனுங்ணா. உள்ள இருக்கற அட்டைக் கோனைக் கழிக்காமப் போட்டா அன்னிக்கே வெளிய தொரத்திருவாங்க. கையி அப்படியே பழகிருச்சு. நீங்க சொல்றாப்புல போட எனக்கு வராதுங்ணா."

"ஊரோட பகைச்சா வேரோட கெடும்னு கேட்டிருப்பே"ன்னு சொன்னேன். மிரட்டலீங்க, நல்லதுக்குத்தான் சொன்னேன்.

"இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமில்லீங்ணா. அதனாலதான் தப்பாப் போட பயமா இருக்குது"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டுது. என்ன திமிரு பாருங்க.

சங்கத்தைக் கூட்டுனேன். பால்கோவா போடறவன்கிட்டச் சொன்னோம், அந்தக் கடைக்குப் போட்டா எங்க பதினோரு கடைக்கும் நீ வேண்டாம்னு. பெட்டி போட்டுக் குடுக்கறவருகிட்டயும் அதே பேச்சு. ரெண்டு பேரும் மறு நாளே நிறுத்திட்டாங்க. எச்சாச் சொல்ல வேண்டியதேயில்ல, தொழில்ல ஒரு புரிதல் இருக்குதில்லீங்க. தீவாளிக்குப் பதினஞ்சு நாள் இருக்குது, அந்தம்மாகிட்ட ஒரு பெட்டி கெடையாது. அடங்கிரும்னு நெனச்சோம்.

அதென்ன பண்ணுச்சு தெரியுங்களா? பலகையில அதுக்குக் கீழயே இன்னொண்ணும் சேத்து எழுதுச்சு. "பாத்திரம் கொண்டு வாருங்கள். பாத்திர எடை கழிக்கப்படும்." கோவா இல்லாத பலகாரமாப் பாத்து, லட்டு, அதிரசம், மிச்சரு, முறுக்குன்னு போட்டுச்சு. தம்பி, நான் என்ற கண்ணால பாத்தேன். பொம்பளைக தூக்குப்போசி எடுத்துட்டு வரிசையில நிக்கறாங்க. பாங்கு மேனேஜர் சம்சாரம் டிபன் பாக்ஸோட நிக்குது. எவர்சில்வர் டப்பா, குக்கரு, ஒருத்தன் பெயிண்டு டப்பாவக் கழுவிக் கொண்டாந்திருக்கறான். ஒவ்வொண்ணையும் வெச்சுப் பட்டனைத் தட்டுது, பூச்சியம் காட்டுது, அடுக்குது. எங்கடையில ஈ ஓட்டிட்டு அதைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். வயிறு எரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். அருவருப்பா இருந்துச்சு. பெயிண்டு டப்பாவுல லட்டு. தொழிலுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமுங்களா?

அப்பத்தான் எங்க வக்கீலு சட்டத்தைச் சொன்னாரு. மத்தவங்க சரக்கை மட்டம் தட்டி, ஜனங்களைக் கொழப்பற மாதிரி வெளம்பரம் பண்ணுனா அது முறையில்லாத வியாபாரமாம். நுகர்வோர் சட்டத்துலயே இருக்குதாம். எனக்கு உசுரு வந்துருச்சு. ஆனா கடைக்காரன் போட முடியாது, வாங்குனவன்தான் போடணும்னாரு. அதுக்கென்ன, எங்கூட்டுக்காரி தம்பி திருமூர்த்தி இருக்கறான். அவனை உட்டு ஒரு கிலோ லட்டு வாங்கச் சொல்லி, பில்லைப் பத்தரமா வெச்சு, கேஸைப் போட்டோம். அந்தப் பலகையப் படிச்சு என் மனசு கொழம்பிருச்சு, ஊருல மத்த கடைக்காரங்களெல்லாம் ஏமாத்தறாங்களோன்னு சந்தேகம் வந்து மன உளைச்சலாப் போச்சுன்னு திருமூர்த்தி சொல்ற மாதிரி வக்கீலு எழுதுனாரு. நல்லாத்தான் எழுதுனாரு.

பெட்டியோட எடை போடறது ஊரு வழக்கம்தான்கறதுக்கு எதாச்சும் ஆதாரம் இருக்குதான்னு கேட்டாரு. இருக்குதேன்னு சொல்லி சங்க நோட்டையே எடுத்துக் குடுத்தேன். பதினெட்டு வருசத் தீர்மானமுங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் பதினோரு கையெழுத்து. இவ்வளவு ஒழுங்கா நடந்துக்கற சங்கம் ஜில்லாவுலயே கெடையாது. வக்கீலு பாத்துட்டு, இதை வெக்கலாமுங்களான்னு இழுத்தாரு. வெய்யிங்க, நம்ம நாணயம் அவங்களுக்கும் தெரியட்டும்னு சொன்னதே நான்தான்.

வெசாரணை ஆடியில வந்துச்சு. அந்தம்மா வக்கீலு கூட வெக்கல. தராசைத் துணிப்பையில போட்டு மடியில வெச்சுட்டு பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. மேல ரெண்டு பேரு, ஒரு அய்யா, ஒரு அம்மா. அந்த அம்மாதான் திருமூர்த்தியக் கேட்டாங்க, "ஒரு கிலோ லட்டு வாங்கியிருக்கீங்க. உங்களுக்கு என்ன நட்டம்?"

மன உளைச்சல்னு சொல்லுடான்னு பஸ்ஸுல வர்றப்ப நாலு தடவ சொல்லிக் குடுத்தேன். அந்த மடையன் என்ன சொன்னான் தெரியுங்களா? "நட்டம் ஒண்ணுமில்லீங்க. எப்பவும் வாங்கறதை விட ரெண்டு லட்டு எச்சாத்தான் இருந்துச்சு."

சிரிக்கறீங்க. அங்கயும் சிரிச்சாங்க.

அப்பறம் அந்த அம்மா நோட்டைப் பெரட்டுனாங்க. சத்தமாவே படிச்சாங்க. "தீர்மானம் ஒன்று, கீழ்க்கண்ட விலைக்குக் குறைத்து எவரும் விற்கக் கூடாது. தீர்மானம் மூன்று, இனிப்பைப் பெட்டியுடன் சேர்த்தே எடை போட வேண்டும். கழித்துப் போடும் உறுப்பினர் சங்கத்துக்கு அபராதம் கட்ட வேண்டும்." படிச்சுட்டு என்னைப் பாத்தாங்க. "இந்தத் தலைவர் கையெழுத்து யாருது?"

பெருமையாத்தான் எந்திரிச்சேன். "என்றதுதானுங்கம்மா."

"எதிர்மனுதாரர் பலகையில பொய் எழுதி ஜனங்களைக் கொழப்பறாங்கன்னு உங்க மனு சொல்லுது. அவங்க எழுதுனது நெசந்தான்னு உங்க நோட்டே சொல்லுதே?"

வக்கீலு மேலயும் கீழயும் பாத்தாரு. மேல இருந்த அம்மா விடல. "எல்லாருங் கூடி வெலை வெக்கறதை வெசாரிக்க டெல்லியில தனி ஆணையம் இருக்குது, அது எங்க வேலை இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். கடைக்காரங்க நேர்மையாப் போட்டி போட்டா இந்தக் கோர்ட்டுக்குப் பாதி வேலை மிச்சம். நீங்க அப்படிப் போட்டி போட்ட ஒரே ஆளைப் புடிச்சு இங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க."

பேசறதுக்கென்ன, சம்பளம் வாங்கிட்டு ஃபேனுக்கடியில உக்காந்து யாரு வேணா பேசலாம். ஆடிக்கும் தீவாளிக்கும் பதினோரு அடுப்பு எரிய வெச்சுப் பாத்தாத் தெரியும்.

கேஸு தள்ளுபடி. செலவுத்தொகைய வசந்தாமணிக்குக் குடுக்கச் சொல்லி உத்தரவு. உத்தரவோட ஒரு நகலு, நோட்டோட நகலோட, எடையளவு ஆபீசுக்குப் போயிருச்சு. பத்தே நாள்ல ஜீப்புல வந்தாங்க. பதினோரு கடையிலயும் அபராதம். ஒவ்வொரு கடையிலயும் வெறும் பெட்டியத் தராசுல வெச்சுப் போட்டோ எடுத்தாங்க. என்ற பெட்டிய ஒரு ஆபீசரு கையில எடுத்து ஆட்டிப் பாத்துட்டு, "இது பெட்டியா பலகையா"ன்னு கேட்டுட்டுப் போறான். வெள்ளிங்கிரிக்குத் தொண்ணூறு கிராமுங்கறதால கொஞ்சம் மரியாதையாப் பேசுனாங்களாம். ஊரெல்லாம் அதைச் சொல்லிட்டுத் திரிஞ்சான்.

சங்கத்துல ஒருத்தன் பாக்கியில்லாம ஏசுனாங்க. ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டு வந்துட்டு எங்களையும் குத்த உட்டயேன்னு. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டவன்னு பேரு வெச்சாங்க. என்னைத் தூக்கிட்டு வெள்ளிங்கிரியத் தலைவராக்குனாங்க. பதினெட்டு வருசம் பொங்கலும் வடையும் போட்டவனுக்கு இதுதான் மரியாதை. ஒவ்வொருத்தன் கையெழுத்தும் அவனவன் போட்டதுதானே, நான் என்ன கையப் புடிச்சா எழுதுனேன்? தூ.

ஆனா யோசனைக்கு எங்கிட்டத்தான் வந்தாங்க. போன புரட்டாசியில, மண்டபத்துல இல்ல, வெள்ளிங்கிரி எண்ணெய்க் கிட்டங்கியில கூடுனோம். நோட்டு கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் கூட்டமே. நான் சொன்னேன்: இனிமே எல்லாரும் பட்டனைத் தட்டுவோம். சட்டப்படி நடப்போம். ஆபீசரு வந்து பாத்தா வாயத் தொறக்க முடியக் கூடாது. வெலைய மட்டும் எறக்குவோம். அந்தம்மா எவ்வளவுக்கு விக்குதோ அதை விட நூறு ரூவா கம்மி. நம்ம பதினோரு பேரு, ஆளுக்குக் கொஞ்சம் நட்டத்தைப் பங்கு போட்டுக்கலாம். அது ஒத்தை ஆளு. எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கம்மியா விக்கறது குத்தமுங்களா? ஜனங்களுக்கு லாபந்தானே. அந்தக் கோர்ட்டுக்கார அம்மாவே வந்தாலும் இதுல என்னத்தைக் கண்டுபுடிப்பாங்க?

தீவாளிக்கு எட்டு நாள் முன்னால எறக்குனோம். தம்பி, உண்மையச் சொல்றேன், எனக்கு அன்னிக்கு வந்த மாதிரி அருவருப்பு வாழ்க்கையில வந்ததில்ல. எங்க மேல இல்லீங்க, ஜனங்க மேல. மொத வருசம் தூக்குப்போசி எடுத்துட்டு அந்தக் கடையில வரிசை நின்னாங்கள்ல, அதே ஜனம், அதே போசி. நூறு ரூவாய்க்கு அப்படியே திரும்பி எங்கடைக்கு வந்துட்டாங்க. பாங்கு மேனேஜர் சம்சாரமுந்தான். அந்தம்மா கடையத் தாண்டறப்ப மொகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்குது. இவங்களுக்காகத்தான் சட்டமாம், கோர்ட்டாம், பாதுகாப்பாம். இந்த ஜனத்துக்குப் போயி ஒரு பொம்பள பட்டனைத் தட்டிட்டு உக்காந்திருந்துச்சே.

தை வரைக்கும் தாங்குச்சு. சொல்லக் கூடாது, நாங்க நெனச்சதை விட எச்சாவே தாங்குச்சு. அது மூடுதுன்னு சேதி வந்ததும் அடுத்த வாரமே நாங்க ஏத்துனோம். போன நட்டத்துக்கும் சேத்து. எழுதல, வாயாலதான். இப்ப எங்கூருல லட்டு என்ன வெலைன்னு கேக்காதீங்க.

கடைசி நாளு நான் அங்க போனேன். எதுக்குப் போனேன்னா, அடுப்பு, பாத்திரமெல்லாம் விக்கறாங்கன்னு சொன்னாங்க, கெட்டி அடுப்பு, கெடைச்சா வாங்கிப் போடலாம்னுதான். உள்ள பாதி காலியாயிருச்சு. புள்ள ஒரு மூலையில அட்டைப்பெட்டி கட்டிட்டிருக்குது. படிப்பை நிறுத்திட்டு பனியன் கம்பெனிக்கு ரெண்டு பேரும் போறாங்களாம். அந்தம்மா என்னைப் பாத்து ஏசலை, அழுகலை. ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும்.

"வாங்ணா"ன்னுச்சு.

அடுப்பைக் கேக்க வாய் வரல. "ஒரு கிலோ லட்டு போடும்மா"ன்னேன். வெளியூருல வாங்கி வெச்சிருந்த பெட்டி ஒண்ணை எடுத்துத் தராசுல வெச்சுச்சு. பட்டனைத் தட்டுச்சு. எனக்கும் தட்டுச்சுங்க. அடுக்குனதுல ஆயிரத்து நாலு கிராம் காட்டுச்சு. கடைசி லட்டை எடுத்துட்டுச் சின்னதா மாத்தும்னு பாத்தேன்.

"நாலு கிராம் இருக்கட்டுங்ணா"ன்னு மூடிக் குடுத்துட்டுது.

ஊட்டுக்குப் போகல, நேரா எங்கடைக்குப் போனேன். எங்கூட்டுக்காரி தெய்வாத்தா கல்லாவுல உக்காந்திருந்தா. என்ற தராசுல பெட்டியக் கவுத்து லட்டை மட்டும் கொட்டி எடை போட்டேன். கொறஞ்சிருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன், பொய் சொல்லல. ஒரு பத்து கிராம் கொறஞ்சிருந்தாப் போதும், இந்த ரெண்டு வருசம் நான் பண்ணுனதுக்கெல்லாம் ஒரு நாயமிருக்கும். ஆயிரத்து நாலு. எறக்கிட்டு மறுக்காப் போட்டேன். ஆயிரத்து நாலு. மூணாந்தடவ போடறப்ப தெய்வாத்தா எந்திரிச்சு வந்துட்டா.

கைக்கு என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு லட்டை எடுத்து முழுசா வாயில போட்டுக்கிட்டேன். அவளும் ஒண்ணு எடுத்தா. பிச்சு, மெல்ல மென்னு, நின்னுட்டே தின்னு முடிச்சா. பொறவு தராசைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"இந்தக் கடையவா மூட வெச்சீங்க?"ன்னு கேட்டா.

பதில் சொல்றதுக்கு எனக்கு வாய் நெறைய லட்டுங்க. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.